மெழுகுத் தலைகளோடு கடல் கடந்தவர்



லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வெளியே வந்து மெரில்போன் சாலையில் சில அடிகள் நடந்தால், மேடம் துசாட்ஸ் மெழுகுச் சிலைக் காட்சியகம் வந்துவிடும். பள்ளிச் சுற்றுலாவிலோ, ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டோ நம்மில் பலர் அங்கே போயிருப்போம். நடிகர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்திருப்போம். ஆனால் அந்தப் பெயருக்குரிய பெண் யார், அவர் எதற்காக இந்த நாட்டுக்கு வந்தார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அவருடைய இயற்பெயர் மேரி கிரோஷோல்ட்ஸ். 1761-இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்தவர்; தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். அவருடைய தாய், பிலிப் குர்தியுஸ் என்ற மருத்துவரின் வீட்டைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். குர்தியுஸ் உடல் உறுப்புகளை மெழுகில் வடிப்பதில் கைதேர்ந்தவர். பிறகு மனித முகங்களையும் வடிக்கத் தொடங்கி, பாரிசில் காட்சிக்கூடம் அமைத்தார். மேரிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவரே. மேரி 1777-இல், தம் பதினைந்தாம் வயதில், எழுத்தாளர் வோல்டேரின் உருவத்தை வடித்தார்.

புகைப்படம் இல்லாத காலம் அது. அரசன் எப்படியிருப்பான், பேர்போன திருடன் எப்படியிருப்பான் என்று சாதாரண மக்கள் அறிய வழியில்லை. குர்தியுஸின் கூடத்தில் சில காசுகள் கொடுத்தால், அரச குடும்பம் விருந்து உண்ணும் காட்சியைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். இன்று நமக்குச் செய்தி ஒளிபரப்பு எப்படியோ, அன்று பாரிஸ் மக்களுக்கு அந்தக் கூடம் அப்படி.

1789 ஜூலை 12 அன்று அந்த மெழுகு முகங்கள் தெருவுக்கே வந்தன. மக்கள் விரும்பிய நிதி அமைச்சர் நெக்கரை மன்னர் பதவியிலிருந்து நீக்கியிருந்தார். கொதித்தெழுந்த கூட்டம் குர்தியுஸின் கூடத்துக்கு வந்து, நெக்கர், ஓர்லியன்ஸ் கோமகன் ஆகிய இருவரின் மெழுகுத் தலைகளை வாங்கி ஊர்வலமாகத் தூக்கிச் சென்றது. படைவீரர்கள் ஊர்வலத்தைத் தாக்கினார்கள், இரத்தம் சிந்தியது. இரண்டே நாளில் பஸ்தீய் சிறை வீழ்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகள் கொடியவை. மன்னர் பதினாறாம் லூயி, அரசி மரி அந்துவானெத், கடைசியில் அவர்களை எதிர்த்த ரோபெஸ்பியர் என வரிசையாகக் கில்லட்டின் என்ற வெட்டுக் கருவிக்குப் பலியானார்கள். புரட்சித் தலைவர்களில் ஒருவரான மரா, 1793-இல் தம் குளியல் தொட்டியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். இந்த முகங்களையெல்லாம் தாமே அச்செடுத்ததாகவும், புரட்சிக்காரர்கள் தம்மைக் கட்டாயப்படுத்தியதாகவும் மேரி பின்னாளில் சொன்னார். தாமும் சிறைப்பட்டதாகவும், கில்லட்டினுக்கு ஆயத்தமாகத் தம் தலைமுடி மழிக்கப்பட்டதாகவும் சொன்னார். அதற்கு முன் வெர்சாய் அரண்மனையில் தங்கி, மன்னரின் தங்கை எலிசபெத்துக்குக் கலை கற்பித்ததாகவும் சொன்னார்.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இவை எல்லாம் 1838-இல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளில் உள்ளவை. அப்போது அவருக்கு 76 வயது. தெருவில் சென்ற தலைகளைப் பற்றி வேறு பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதில் ஐயமில்லை. அரண்மனை வாழ்க்கைக்கோ, அவர் சொல்லைத் தவிர உறுதியான சான்று கிடைக்கவில்லை. அந்தப் புத்தகம் அவருடைய காட்சியகத்துக்கு விளம்பரமாகவும் இருந்தது. கொல்லப்பட்ட பிரெஞ்சு அரச குடும்பத்துக்காக இங்கிலாந்தில் பலர் இரங்கினார்கள். அப்படிப்பட்ட நாட்டில், மன்னரின் தலையைக் காட்டிக் காசு வாங்கும் பெண் தன்னை அரண்மனைக்கு வேண்டியவள் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு பயனுள்ளது!

அதனால் அவரைப் பொய்க்காரி என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஏனென்றால் ஆவணங்களில் உறுதியாக நிற்கும் பகுதியே போதுமான அளவுக்குப் பெரியது.

1794-இல் குர்தியுஸ் இறந்தார். தம் சேகரிப்பு முழுவதையும் மேரிக்கு எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு மேரி, பிரான்சுவா துசாட் என்பவரை மணந்தார். புரட்சிக்குப் பின் பாரிசில் தொழில் நலிந்தது. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1802-இல் சமாதானம் ஏற்பட்டபோது, மேரி தம் மெழுகு உருவங்களைப் பெட்டிகளில் அடுக்கினார். நான்கு வயது மூத்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் வந்தார். இளைய மகனும் கணவரும் பாரிசில் இருந்தார்கள். கூட்டாகத் தொழில் செய்தவர் வருமானத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். 1803-இல் மறுபடியும் போர் மூண்டது. திரும்பும் வழி அடைபட்டது.

அவர் திரும்பவேயில்லை. கணவரை மீண்டும் காணவுமில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று 33 ஆண்டுகள் ஊர் ஊராகக் காட்சி நடத்தினார். வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும் மெழுகுத் தலைகளைக் கரடுமுரடான சாலைகளில் வண்டியேற்றிக் கொண்டுபோவதை எண்ணிப் பாருங்கள். 1831-இல் பிரிஸ்டல் கலவரத்தில் நெருப்பு அருகே வந்தபோது, உருவங்களைத் தெருவுக்குத் தூக்கிவந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. இளைய மகன் வளர்ந்து ஆளான பிறகுதான் தாயிடம் வந்து சேர்ந்தான். 1835-இல் பேக்கர் ஸ்ட்ரீட்டில் நிலையான இடம் அமைந்தபோது மேரிக்கு வயது 73. 1850-இல் லண்டனிலேயே காலமானார். 1884-இல் அவருடைய பேரன் காலத்தில் காட்சியகம் இன்றைய இடத்துக்கு மாறியது.

அந்த மெழுகும் நிலைக்கவில்லை. 1925-இல் ஒரு தீவிபத்து பல உருவங்களை உருக்கியது. 1940-இல் ஜெர்மன் குண்டு விழுந்து 300-க்கும் மேற்பட்ட தலை அச்சுகள் நொறுங்கின. இன்றும் அங்கே களிமண்ணில் வடித்து, அச்செடுத்து, மெழுகு ஊற்றி, தலைமுடியை ஒவ்வொன்றாக நடுகிறார்கள். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால் உருவத்தைச் சற்றுப் பெரிதாகவே வடிக்கிறார்கள்.

மேரி தம் கதையையும் சற்றுப் பெரிதாகவே வடித்தார் போலும். நம் வீட்டுப் பெரியவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தாம். விட்டுவந்த ஊரைப் பற்றி, அங்கே தாங்கள் இருந்த நிலையைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளில் சில இடங்கள் கொஞ்சம் பெருத்திருக்கலாம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அப்படியே நம்பிவிடுவதும் எளிது. வரலாறு படிக்கிறவர் இரண்டையும் செய்யமாட்டார். பொறுமையாகக் கேட்பார், கடிதம், கடவுச்சீட்டு, பழைய படம் என்று கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கதை எந்த இடத்தில் பெருக்கிறது, ஏன் பெருக்கிறது என்று கேட்பார். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஓர் இழப்பு இருக்கும்.

அடுத்த முறை அந்த வரிசையில் நிற்கும்போது, நடிகர்களிடம் போவதற்கு முன் மேரியின் உருவத்தைத் தேடிப் பாருங்கள். தமது 81-ஆம் வயதில் தம்மையே அவர் வடித்த உருவம் ஒன்று உண்டு. கறுப்பு உடையும் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்த சிறிய உருவத்தினர். அரசர்களுக்கும் கொலைகாரர்களுக்கும் முகம் கொடுத்த அந்தக் கை, தன் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கத்தையும் மறைக்கவில்லை.