பினாங்கு விழாக்களில் விருந்தினர்

திருக்குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அதிலுள்ள பத்துக் குறளும் வீட்டுக்காரரை நோக்கியே பேசுகின்றன. வந்தவரை எப்படி வரவேற்பது, எப்படி உண்பிப்பது, அவர் மனம் வாடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவையே அங்கே பொருள். விருந்தாகப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. இன்று நாம் அந்த மறுபக்கத்தைப் பார்ப்போம். அதிலும் குறிப்பாக, தமக்குப் பழக்கமில்லாத சமயச் சடங்கு மணிக்கணக்கில் நடக்கும்போது அங்கே அமர்ந்திருக்கும் விருந்தினரைப் பற்றிப் பார்ப்போம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரமே போதும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். அதன்பின் பல நாட்டு மக்கள் இங்கு வந்து குடியேறினார்கள். வந்தவர்கள் கடை வைத்தார்கள், வீடு கட்டினார்கள், கூடவே தங்கள் வழிபாட்டு இடங்களையும் எழுப்பினார்கள். 1800-ஆம் ஆண்டளவில் சீனர்கள் குவான் யின் தேவிக்குக் கோயில் அமைத்தார்கள். 1801-இல் காதிர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகரின் முயற்சியால், இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று அழைக்கப்படும் பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. 1818-இல் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது. 1833-இல் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் கட்டப்பட்டது.

இந்த நான்கு இடங்களையும் ஒருவர் காலையில் வெயில் ஏறுவதற்குள் நடந்தே பார்த்துவிடலாம். அவ்வளவு நெருக்கம்! கோயில் நாதஸ்வரம் சீனர் வீட்டில் கேட்கும். பள்ளிவாசலின் பாங்கொலி செட்டியார் கடையில் கேட்கும். சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகை தெரு முழுவதும் பரவும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இங்கே ஒருவர் மற்றவரின் விழாவுக்குச் சாட்சி. 2008-இல் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமை நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதற்கு இந்தப் பல்சமய வாழ்க்கையும் ஒரு காரணம்.

ஆனால் நெருங்கி வாழ்வது மட்டும் போதுமா? போதாது என்பதை இந்நகரின் வரலாறே சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பினாங்கின் பெரிய தெருவிழாக்களில் ஒன்று முஹர்ரம். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களோடும் சிப்பாய்களோடும் வந்த விழா அது. போரியா என்னும் பாட்டுக்கூத்து அதிலிருந்தே வளர்ந்தது. அக்காலத்தில் முஸ்லிம்களிடையே வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரு சங்கங்கள் இருந்தன. சீனரிடையே கீ ஹின், தோ பே கோங் என்னும் இரகசியச் சங்கங்கள் இருந்தன. வெள்ளைக் கொடியார் கீ ஹின்னோடும், சிவப்புக் கொடியார் தோ பே கோங்கோடும் கைகோத்துக்கொண்டார்கள். 1867 ஆகஸ்டு மாதத்தில் இரு அணிகளுக்கும் இடையே பெருங் கலவரம் மூண்டது. ஏறத்தாழப் பத்து நாள் நகரம் அல்லோலகல்லோலப்பட்டது. 1868-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. 1869-இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டமும் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இது ஓரினம் மற்றோர் இனத்தோடு போட்ட சண்டையன்று. இரு பக்கத்திலும் சீனரும் இருந்தார்கள்; முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் கலந்து பழகியவர்கள்தாம். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் சேர்ந்தது பங்காளிகளாக, கட்சிக்காரர்களாக. விருந்தினரோ கட்சி சேர்வதில்லை. அவர் கொடி பிடிப்பதில்லை, இடம் கேட்பதில்லை, கொடுத்த இடத்தில் அமர்கிறார். கலந்து பழகுவது வேறு, விருந்தினராக இருப்பது வேறு.

விருந்தினரிலும் இருவகை உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்நாளில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் துரை வருவார். பந்தலின் முன்வரிசையில் அவருக்கென்று பெரிய நாற்காலி போட்டிருக்கும். கங்காணி குடை பிடிப்பார். கிராணி மாலை எடுத்துக் கொடுப்பார். மேளம் அவருக்காக ஒருமுறை ஓங்கி ஒலிக்கும். சற்று நேரத்தில் துரை எழுந்து போய்விடுவார். அவர் போன பிறகுதான் தீமிதி தொடங்கும். துரை விழாவுக்கு விடுமுறை தந்தார், நன்கொடையும் தந்தார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் கௌரவத்தைப் பெற்றுக்கொள்ள வந்த விருந்தினர். விழாவோடு இருக்க வந்தவர் அல்லர். அந்த நாற்காலி அவர் போன பின்பும் காலியாகவே கிடக்கும். வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

சடங்குகள் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கின்றன என்ற கேள்வி இங்கே எழும். நமது கும்பாபிஷேகத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பித்து இதை நடத்துவது வழக்கம். யாகசாலை அமைத்து, குடங்களில் நீர் நிரப்பி, நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, இறையாற்றலை அவற்றில் எழுந்தருளச் செய்கிறார்கள். காலையும் மாலையும் வேள்வி நடக்கும். ஒவ்வொரு வேளையையும் ஒரு காலம் என்பார்கள். நான்கு காலம், ஆறு காலம், எட்டுக் காலம் எனக் கோயிலுக்கு ஏற்ப எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் பூர்ணாகுதி. கடைசி நாளில் குடங்களைத் தலையில் சுமந்து, மேளதாளத்தோடு கோயிலை வலம் வந்து, விமானத்தின் மேலேறிக் கலசத்தில் நீர் வார்ப்பார்கள். நீர் வார்ப்பது சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடத்துக்குப் பொருள் தருவது அதற்கு முன் சென்ற நாட்கள். விழா அத்தோடும் முடிவதில்லை. அதன்பின் 48 நாள் மண்டலாபிஷேகம் தொடர்கிறது.

இதை அறியாத விருந்தினருக்கு நீர் வார்க்கும் காட்சி மட்டுமே விழாவாகத் தெரியும். மற்றதெல்லாம் காத்திருப்பாகத் தெரியும். நாமும் பிறர் சடங்கில் அப்படித்தான் இருக்கிறோம். இதற்கு எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ் டவுனில் எங்கள் சீன நண்பர் ஒருவரின் தந்தை காலமானார். நண்பரும் ஆசிரியர். செபராங் பிறையிலிருந்து நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பெர்ரி ஏறிப் போனோம். அடக்கத்துக்கு முந்திய இரவு அது. வட்ட மேசைகளைச் சுற்றி நாற்காலிகள். மேசைமேல் கச்சான், தர்ப்பூசணி விதை, மிட்டாய், சிவப்பு நூல். மேலங்கி அணிந்த பூசகர் கைமணி ஆட்டி ஓதினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊதுவத்தி ஏந்தி அவர் பின்னே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரம் இருந்தோம். கடமை முடிந்தது என்று எண்ணி, பெர்ரிக்கு நேரமாகிறது என்று சொல்லிப் புறப்பட்டோம். நண்பர் வாசல் வரை வந்து கைகுலுக்கினார். இன்னும் ஒரு சடங்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அது என்ன சடங்கு என்று பின்னர்தான் கேட்டறிந்தோம். ஒரு சிறு பாலத்தை வைத்து, இறந்தவர் மறுகரை சேர்வதற்குப் பிள்ளைகள் துணையாக நடந்து வழியனுப்பும் சடங்கு அது. அன்றிரவு நடந்தவற்றில் அவருக்கு முக்கியமானது அதுவே. நாங்கள் அப்போது பெர்ரியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு எங்கள் தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேகம். அதே நண்பரை அழைத்தோம். காலை ஆறரைக்கே வந்துவிட்டார். யாகசாலைப் புகை கண்ணை எரித்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"களைப்பாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் போய் ஓய்வெடுங்கள், சிக்கு," என்றோம்.

"முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு ஆகலாம்."

"சரி," என்றார். அதே நாற்காலியில் இருந்தார்.

கலசத்தில் நீர் விழுந்தபோது எல்லாரோடும் எழுந்து நின்றார். அவர் கும்பிடவில்லை, கும்பிடும்படி யாரும் அவரைக் கேட்கவுமில்லை. பிறகு எங்களோடு வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். தம் தந்தையின் அந்த இரவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள்தாம் அதை நினைத்துக்கொண்டு நின்றோம்.

நேயர்களே, இத்தகைய பொறுமை பினாங்கில் ஒருவரோடு தொடங்கியதன்று. தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலையில் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. நகரத்தார் 1894-இல் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த ரதம் அது. தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலைச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் சீனக் குடும்பங்கள் தேங்காய்களை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. ரதம் எந்த மணிக்குத் தம் வாசலுக்கு வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனாலும் கிழவரும் குழந்தைகளும் தெருவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்களிலும் சீனர்கள் பலர். விருந்தினராக வந்தவர்கள் நாளடைவில் விருந்தளிப்பவர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

தமிழகத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். அவர் இந்து. அந்த நாகூர் ஆண்டகை நினைவாக, பினாங்கின் சூலியா தெருவிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தர்கா எழுந்தது. செபராங் பிறையில் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருநாளுக்கு, ஜூலை 26-ஐ ஒட்டி, கிறிஸ்தவர் அல்லாதாரும் மெழுகுவத்தி ஏந்திப் போகிறார்கள்.

இதனால் மனத்தாங்கலே எழாது என்று நாம் சொல்லவில்லை. 1998 மார்ச்சில் பினாங்கின் கம்போங் ராவாவில், அருகருகே இருந்த ஒரு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே மணியோசை பற்றி எழுந்த தகராறு பெரும் பதற்றமாயிற்று. ஒலி என்பது சுவரைத் தாண்டும். அந்த ஒலி எதற்காக எழுகிறது என்று தெரியாதவருக்கு அது இரைச்சல். ஒருமுறையேனும் உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்கு அது இன்னாருடைய வழிபாட்டு நேரம். இந்த வேறுபாட்டைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

ஆகவே மாணவர்களே, பிறர் சடங்குக்கு அழைப்பு வந்தால் செல்லுங்கள். முன்னதாகப் போங்கள். காட்டிய இடத்தில் அமருங்கள். எப்போது முடியும் என்று கேட்பதற்கு முன், இப்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரை மெல்லக் கேளுங்கள். அவர்கள் எழும்போது எழுங்கள். உங்கள் சமயத்துக்கு ஒவ்வாததைச் செய்ய வேண்டியதில்லை. கைகட்டி அமைதியாக இருந்தாலே போதும். இடையில் புறப்பட வேண்டியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இயன்றால் கடைசிச் சடங்கு வரை இருங்கள். பெரும்பாலும் அதற்காகத்தான் மற்றவை எல்லாம் நடக்கின்றன.

அன்றிரவு நாங்கள் இன்னும் சிறிது நேரம் இருந்திருந்தால், ஒரு மகன் தம் தந்தையை வழியனுப்பியதைப் பார்த்திருப்போம். பெர்ரி பிறகும் இருந்தது.