ஆண்களின் புற்றுநோய் மரணம் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்? கடலூரின் ‘2,000 மடங்கு’ கணக்கு உண்மையில் என்ன சொல்கிறது?

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் பஸ் போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம் ஒன்று வரும். ஒருபுறம் உப்பனாறு, மறுபுறம் ரசாயன ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சோனஞ்சாவடி என்று வரிசையாகக் கிராமங்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதற்குப் பின் வந்ததுதான் “அந்தப் பக்கம் கேன்சர் ஜாஸ்தி” என்ற பேச்சு.

அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்ட எண் ஒன்று இருக்கிறது: 2,000 மடங்கு. சிப்காட் பகுதியில் வசிப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2,000 மடங்கு அதிகம் என்பது இன்றும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தி. அது எவ்வளவு சரி? கடலூரில் ஆண்கள் புற்றுநோயால் இறப்பது உண்மையிலேயே மற்ற ஊர்களைவிட அதிகமா? இதைத் தெரிந்துகொள்ள முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘2,000 மடங்கு’ எங்கிருந்து வந்தது?

2004-ல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்களே பிளாஸ்டிக் வாளியும் பையும் கொண்டு காற்று மாதிரிகளைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சமுதாயக் கண்காணிப்புக் குழுவாக இயங்கிய அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, காற்றில் 22 நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அபாயகரக் கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழுவும் இந்தப் பகுதியைக் கவனிக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து நாக்பூரைச் சேர்ந்த தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நீரி, ஆய்வு செய்தது. 2,000 என்ற எண் அந்த ஆய்வில் வந்தது. 2008 வாக்கில் செய்திகளில் பரவியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அது இறந்தவர்களை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல. காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது, அதை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று சூத்திரம் போட்டுக் கண்ட அபாய மதிப்பீடு.

எளிய கணக்கு ஒன்றே போதும். இந்தியாவில் ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதாக ஐசிஎம்ஆரின் 2022 மதிப்பீடு சொல்கிறது. அதை 2,000-ஆல் பெருக்கினால் ஒவ்வொருவருக்கும் 200 தடவைக்கு மேல் கேன்சர் வர வேண்டும். நடக்காத காரியம். ஆக, ‘சாதாரண மனிதர்களைவிட 2,000 மடங்கு’ என்ற வாக்கியம் அப்படியே உண்மையாக இருக்க முடியாது.

பொதுவாக இந்த மாதிரி மதிப்பீடுகளில், ஒரு ரசாயனத்தால் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வந்தால் அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கோடு போடுவார்கள். மடங்குக் கணக்கு அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். அப்படிப் பார்த்தால் 2,000 மடங்கு என்பது பத்து லட்சத்துக்கு 2,000 பேர், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர்.

அப்போ பயப்பட எதுவுமில்லையா?

அப்படியும் இல்லை. ஆயிரத்துக்கு இரண்டு என்பது, ஏற்கெனவே இருக்கும் அபாயத்துக்கு மேல் வெறும் காற்றைச் சுவாசித்ததற்காக மட்டும் ஒருவர் தலையில் விழும் கூடுதல் சுமை. பீடியை விடலாம், குடியை விடலாம். மூச்சை விட முடியாது. வேலிக்கு வெளியே இருப்பவரைவிட ஆலைக்குள் ஷிப்ட் பார்ப்பவருக்கு வெளிப்பாடு இன்னும் அதிகம். அந்த வேலைகளில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். ரசாயனத் தொழிலில் புழங்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோயோடும், வினைல் குளோரைடு கல்லீரலில் வரும் ஒரு அரிய புற்றுநோயோடும் தொடர்புடையவை என்பது நிரூபிக்கப்பட்ட ஒன்று.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்குக் கிடைத்தது 77.45. எழுபதைத் தாண்டினாலே ‘மிக மோசமாக மாசடைந்த பகுதி’. சென்னையின் மணலியைவிடக் கடலூரின் மதிப்பெண் அதிகம் என்பது அப்போது பலருக்கும் புதுச் செய்தி.

நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசமா?

ஆலை இல்லாத ஊர்களிலும் ஆண்கள் புற்றுநோயால் இறக்கிறார்கள். சில இடங்களில் மிக அதிகமாகவே. 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதில் முக்கியமானது. 2001 முதல் 2003 வரை நாடு முழுக்க சுமார் 11 லட்சம் வீடுகளைத் தொடர்ந்து, நடந்த மரணங்களுக்குக் காரணம் கேட்டறிந்து செய்தது. வடகிழக்கு மாநிலங்களில் 30 வயது ஆண் ஒருவர் 70 வயதுக்குள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 11.2 சதவீதம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவில் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே நாடு, கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்.

நோய் வருவதை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது. 2012–16 காலத்துக்கான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் ஒரு லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்கு 269.4 பேர்; மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 39.5 பேர். வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு வரும் எண்கள் இவை. அப்படிச் சரிசெய்யாமல் ஒப்பிடக் கூடாது. முதியவர்கள் நிறைய இருக்கும் ஊரில் புற்றுநோயும் நிறைய இருக்கும். அது அந்த ஊரின் தண்ணீரின் குற்றமோ காற்றின் குற்றமோ அல்ல.

ஐஸ்வாலில் ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கவில்லை. அங்கே இருப்பது புகையிலை. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் மிசோரமில் பெரியவர்களில் 58.7 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள்; தமிழ்நாட்டில் 20 சதவீதம். அதே லான்செட் ஆய்வில், 30 முதல் 69 வயதுக்குள் புற்றுநோயால் இறந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்கு வந்தது புகையிலை சார்ந்த புற்றுநோய்தான். வாய், தொண்டைப் புற்றுநோய் முதலிடம், அடுத்து வயிறு, அடுத்து நுரையீரல்.

இன்னொரு வித்தியாசமும் அதில் வெளிப்பட்டது. படிக்காத ஆண்களின் புற்றுநோய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 106.6, அதிகம் படித்தவர்களிடம் 45.7. எந்த மாநிலம் என்பதைப் போலவே எந்த வர்க்கம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. தலைப்புச் செய்தியில் இது வருவதே இல்லை.

பக்கத்து மாவட்டத்தில் வீடு வீடாகக் கேட்டார்கள்

கடலூருக்கு மிக நெருக்கமான தகவல் விழுப்புரத்திலிருந்து கிடைக்கிறது. 1993 வரை இரண்டும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். நெல், கரும்பு, பீடி எல்லாம் ஒன்றுதான். 1990களின் கடைசியில் சென்னையில் 48,000, விழுப்புரத்துக் கிராமங்களில் 32,000 என மொத்தம் 80,000 பெரியவர்களின் மரணங்களை ஆராய்ந்தார்கள். இறந்தவரின் வீட்டுக்கே போய், கடைசி நாட்களில் என்ன அறிகுறி, எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதும் முறை இது.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? “நெஞ்சு வலி”, “வயசாயிடுச்சு”, “ஒடம்பு சரியில்ல” என்று எழுதி முடிக்கப்பட்ட மரணங்கள் அவ்வளவு. பெரியவர்களின் மரணங்களில் காரணம் சரியாகத் தெரியாதவை சென்னையில் 54 சதவீதமாக இருந்தன. வீட்டுக்குப் போய்க் கேட்ட பிறகு 23 சதவீதமாகக் குறைந்தன. விழுப்புரத்தில் 41-லிருந்து 26.

இதே பகுதிகளில் 43,000 ஆண்களின் மரணங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2003-ல் லான்செட்டில் வந்தது. நடுத்தர வயதில் புகைபிடித்தவர்களின் இறப்பு விகிதம், புகைக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அதிலும் அதிகம் பேரைக் கொன்றது கேன்சர் அல்ல, காசநோயும் இதயநோயும்.

கிராமத்தில் குறைவாக வருகிறது, ஆனால் சாவு குறையவில்லை

புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பார்த்தால் கிராமங்களில் நோய் குறைவு. திண்டுக்கல் அம்பிளிக்கைப் பதிவேட்டின் விகிதங்கள் சென்னையைவிடக் கீழேதான். ஆனால் இறப்பை எடுத்தால் கதை மாறுகிறது. லான்செட் ஆய்வில் நகரத்து ஆண்களுக்கு லட்சத்துக்கு 102.4, கிராமத்து ஆண்களுக்கு 95.6. கிட்டத்தட்ட சமம்.

ஒரு பகுதி காரணம், கிராமத்தில் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போவது. இன்னொன்று, கண்டுபிடிக்கும்போதே முற்றிப்போயிருப்பது. சிதம்பரம் பக்கத்தில் கூலி வேலை பார்க்கும் ஒருவர் வாய்ப்புண்ணுக்கு முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்ச் சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இறந்தவர் எந்த ஊர்க் கணக்கில் வருவார்?

ஜிப்மரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். சிகிச்சைக்குப் போனவர் அங்கேயே இறந்தால், 1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். சான்றிதழ் புதுச்சேரியில். முகவரியை வைத்துத் திருப்பிக் கணக்கிடாவிட்டால் கடலூரின் எண் குறைந்து, புதுச்சேரியின் எண் கூடிவிடும்.

2001–02 தரவை வைத்து ஐசிஎம்ஆர் தயாரித்த புற்றுநோய் வரைபடத்தில், ஆண்களின் வாய்ப் புற்றுநோய்க்குப் புதுச்சேரி தனித்துத் தெரிந்தது. பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரில் சோதனையும் அதிகம், பதிவும் அதிகம் என்பதை மனதில் வைத்துத்தான் அந்த மாதிரி வரைபடங்களைப் படிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் “இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பப்பட்டு வீட்டில் இறப்பவர்களின் காரணமோ பெரும்பாலும் எங்கும் ஏறுவதில்லை. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது 22.5 சதவீதத்துக்கு மட்டுமே.

ஒரு கிராமத்தை மட்டும் எண்ணினால்?

“எங்க தெருவுல மட்டும் ஒரே வருஷத்துல ரெண்டு பேரு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து முடிவுக்கு வருவது கஷ்டம். 30 முதல் 69 வயதுக்குள் 500 ஆண்கள் இருக்கும் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 100 என்ற சராசரிப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு புற்றுநோய் மரணம் எதிர்பார்க்கலாம். ஒரே வருடத்தில் இரண்டு நடந்தால் அது நான்கு மடங்கு. அடுத்த மூன்று வருடம் யாரும் இறக்காவிட்டால் மறுபடி சராசரி. மாவட்டம் முழுவதையும், சுமார் 26 லட்சம் பேரை, மொத்தமாக எடுத்தால் எதிர்ப்பக்கச் சிக்கல்: ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் சில ஆயிரம் பேரின் பாதிப்பு விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் எண்களோடு கலந்து கரைந்துவிடும்.

இந்த முடிச்சை அமெரிக்காவில் அவிழ்த்த விதம் சுவாரஸ்யமானது. 1975-ல் அங்கே தேசியப் புற்றுநோய் நிறுவனம் மாவட்டவாரியாகப் புற்றுநோய் இறப்பு வரைபடம் வெளியிட்டது. தென்கிழக்குக் கடற்கரையில் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு அதிகமாக இருந்தது. முதல் சந்தேகம் சிகரெட் மேல்தான். ஜார்ஜியா கடற்கரைக்குப் போய், நோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் வாழ்நாளில் பார்த்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 1978-ல் முடிவு வந்தது: இரண்டாம் உலகப் போர் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தவர்களுக்கு, சிகரெட்டைக் கழித்த பிறகும், அபாயம் கூடுதல். காரணம் கல்நார். வேலை பார்த்து முப்பது வருடம் கழித்து மரணம்.

கடலூருக்கும் அந்த முப்பது வருடக் கணக்கு பொருந்தும். 1980களில் இருபது வயதில் ஆலைக்குள் போனவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். 2012-ல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு, அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து மாவட்டவாரியாக நோயாளிகளின் விவரத்தைத் திரட்டுகிறது. அதில் முகவரி கிடைக்கும். எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த விவரம் எழுதிய தாளே பல நேரம் இருக்காது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல் அல்லது குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, சளியிலோ மலத்திலோ ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர்கள், என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வது நல்லது.