எந்த இடம் ‘கொமா’ விதிக்குள் வருகிறது?

1976 யூலை 10இல் இத்தாலியின் செவேசோ ஊரருகே ஒரு இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டையொக்சின் நச்சு வெளியேறியது. அதையடுத்து 1982இல் ஐரோப்பா பெருவிபத்துத் தடுப்புச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் இன்றுள்ள ‘கொமா 2015’ விதிகள் அதன் வழிவந்தவை.

ஒரு இடம் இதற்குள் அடங்குமா என்பதைத் தொழிலின் பெயர் தீர்மானிப்பதில்லை. அங்குள்ள பொருளும் அளவுமே தீர்மானிக்கும், களஞ்சியசாலைகூட அடங்கலாம். குளோரீன் 10 தொன் என்றால் கீழ்நிலை, 25 என்றால் மேல்நிலை. அமோனியாவுக்கு 50, 200.

கணக்காளனான எனக்குப் பிடித்தது கூட்டல் விதிதான். 6 தொன் குளோரீனும் 25 தொன் அமோனியாவும் வைத்திருப்பவர் தனித்தனியே பார்த்தால் தப்பிவிடுவார். ஆனால் இரண்டும் நச்சு வாயு என்பதால் 6/10, 25/50 இரண்டையும் கூட்டவேண்டும்: 1.1. கூட்டுத்தொகை 1ஐ எட்டினாலே விதிக்குள் வந்துவிடும். ஆண்டிறுதிக் கையிருப்பு எண்ணுவதுபோல அன்றைய இருப்பைப் பார்ப்பதுமில்லை. ஒரே நேரத்தில் அங்கு இருக்கக்கூடிய ஆகக்கூடிய அளவே கணக்கு.

மேல்நிலை இடமானால், விபத்தில் பாதிக்கப்படக்கூடிய அயலவருக்கு எப்படி எச்சரிப்பார்கள், அப்போது என்ன செய்யவேண்டும் என்ற தகவலை, அவர்கள் கேளாமலே, 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது கொடுக்கவேண்டும். அந்தக் கடிதத்தை விளம்பரக் கடதாசிகளோடு எறிந்துவிடாதீர்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா அப்பா பகலில் தனியே வீட்டிலிருந்தால், அதைத் தமிழில் சொல்லிவையுங்கள்.