நன்றி மறவாத பிரேதம்

ஐரோப்பிய தேசங்கள் பலவற்றில் ஒரே கதையைச் சின்னச் சின்ன மாறுதல்களோடு சொல்லுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊருக்குள் நுழைகிறான். அங்கே ஒரு பிணம் அடக்கமாகாமல் கிடக்கிறது. செத்தவன் கடனாளி, கடன் தீருகிறவரை புதைக்க விடமாட்டோம் என்று கொடுத்தவர்கள் மறித்து நிற்கிறார்கள். வழிப்போக்கன் தன் மடியிலிருந்த கடைசிக் காசையும் அவிழ்த்துக் கொடுத்து, முன்பின் அறியாத அந்த மனிதனை நல்லடக்கம் செய்துவிட்டு நடக்கிறான். பிறகு அவனுக்குச் சங்கடம் வரும்போதெல்லாம் யாரோ ஒரு துணைவன் வந்து காப்பாற்றுகிறான். துணைவன் வேறு யாருமில்லை, அந்தப் பிரேதந்தான். நாடோடிக் கதைகளை ஆராய்கிறவர்கள் இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றி மறவாத பிரேதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1965ஆம் வருஷக் கடைசியில் கலிபோர்னியாவில் ஐந்து இளைஞர்கள் தங்கள் வாத்தியக் கோஷ்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் வைத்திருந்த ‘வார்லாக்ஸ்’ என்ற பெயரில் வேறொரு கோஷ்டி இருப்பதாகத் தெரியவந்ததுதான் காரணம். அகராதியைப் புரட்டிய கிதார்க்காரர் ஜெர்ரி கார்ஸியாவின் கண்ணில் மேற்படி இரண்டு சொற்கள் பட்டன. அப்படி விளையாட்டாக வந்து சேர்ந்த பெயர். ஆனால் அந்தக் கோஷ்டியின் முப்பது வருஷச் சரித்திரத்தையும் அதற்குப் பின்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், கதையில் வரும் வழிப்போக்கனும் அதில் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன்தான் ரசிகன். அவனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ராக் சங்கீதம் என்றதுமே காதைப் பொத்திக்கொள்ளும் வாசகர்கள் கையைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கேட்கவேண்டும்.

இவர்களுடைய சங்கீதத்துக்கு ‘சைக்கடெலிக்’ என்று ஓர் அடைமொழி உண்டு. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநோய் வைத்தியர் 1956இல் நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில், கிரேக்கச் சொற்கள் இரண்டை ஒட்டி, மனத்தை வெளிக்காட்டுவது என்ற அர்த்தத்தில் உண்டாக்கிய வார்த்தை அது. எல்.எஸ்.டி. போன்ற வஸ்துக்களுக்காக ஏற்பட்ட பெயர், பிறகு அந்த மயக்கத்தில் பிறந்த சங்கீதத்துக்கும் படத்துக்கும் சட்டைத் துணிக்குங்கூட ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவில் 1966 அக்டோபர் வரையில் எல்.எஸ்.டி.க்குச் சட்டத் தடை கிடையாது. இரண்டு நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியிருந்த கென் கீஸி, பேனாவை மூடி வைத்துவிட்டு, கூட்டங்கள் கூட்டி வந்தவர்களுக்கெல்லாம் அதைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜாதிக்கு இது பெருமையா சிறுமையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தக் கூட்டங்களில் வாசித்த கோஷ்டி கிரேட்ஃபுல் டெட்.

அங்கே கச்சேரி தர்மம் என்று எதுவும் கிடையாது. ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். விடிய விடிய நீட்டினாலும் கேட்கமாட்டார்கள். அந்த வழக்கமே பிறகு அவர்கள் பாணியாகிவிட்டது. ‘டார்க் ஸ்டார்’ என்ற உருப்படி 1968இல் இசைத்தட்டாக வந்தபோது 3 நிமிஷத்துக்கும் குறைவு. மறு வருஷம் பிப்ரவரி 27ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஃபில்மோர் வெஸ்ட் மண்டபத்தில் அதையே வாசித்தார்கள். 23 நிமிஷம் ஆயிற்று. ஸ்வரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் நம்முடைய ஹரிகாம்போதி. ஒரு சின்னப் பிடியைத் தொட்டுவிட்டுக் கிளம்புவார்கள். எங்கெங்கோ அலைந்துவிட்டுத் திரும்பி வந்து தொடுவார்கள். எந்த வழியாகப் போகப்போகிறோம் என்பது வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. நேற்று வாசித்தது இன்று வராது.

ராக சாயை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் நம் தேசத்துச் சங்கீதம் அவர்களுக்கு அடுத்த வீட்டுச் சங்கதிதான். அலி அக்பர் கானின் கல்லூரி 1968இல் ஸான் ரஃபேலுக்கு வந்தது. கோஷ்டியின் காரியாலயமும் பிற்பாடு அதே ஊரில் அமைந்தது. டிரம் வாசித்த மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் பயின்றவர். 1991இல் அவர் வெளியிட்ட ‘ப்ளானெட் டிரம்’ தட்டில் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது.

கார்ஸியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1942 ஆகஸ்டு 1ந் தேதி பிறந்தவர். நாலு வயதில் அண்ணனோடு விறகு பிளக்கும் வேலையில் கோடரி பட்டு வலது கை நடுவிரலில் பெரும் பகுதி போய்விட்டது. 1947இல் தகப்பனார் ஆற்றில் மூழ்கி இறந்தார். பதினைந்தாவது பிறந்த நாளுக்குத் தாயார் ஓர் அக்கார்டியன் வாங்கிக் கொடுக்க, பையன் பிடிவாதம் பிடித்து அதை மாற்றி மின்சாரக் கிதார் வாங்கிக்கொண்டான். இளமையில் சில வருஷங்கள் பாஞ்சோ வாசித்தார். பாஞ்சோவில் ஸ்வரம் பிறந்த மறுகணமே அடங்கிவிடும். அடுத்த ஸ்வரத்தைத் தனியாகத் தெறிக்கவேண்டும். அந்தக் கைப்பழக்கத்தைக் கிதாருக்கும் கொண்டுவந்தார். பலபேர் ஸ்வரங்களை உருக்கி ஒன்றன்மேல் ஒன்று வழியவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஒவ்வொன்றையும் மணி மணியாக உருட்டினார். நாமும் வாசித்துப் பார்க்கலாமே என்று கேட்கிற பையன்களுக்கு ஆசை வந்தது இந்தத் தெளிவினால்தான் என்பது என் அபிப்பிராயம். ஆசைப்பட்டு உட்கார்ந்த பிறகல்லவா தெரியும், அது எத்தனை கஷ்டமென்று!

முப்பது வருஷத்தில் கோஷ்டி 2,300க்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. ஸ்டூடியோவில் அமர்ந்து பதிவு செய்த தட்டுகளை அதன் பரம ரசிகர்களே அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. ஆகவே கச்சேரியைத்தான் எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். முதலில் பதிவுப் பெட்டியை ஒளித்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1971இல் நியூயார்க் புரூக்ளினில் நாடாக்களை மாற்றிக்கொள்வதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. பிறகு நீண்ட கம்பங்களில் மைக்கைக் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைகிறதென்று சண்டை. மற்ற வித்துவான்களாயிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் 1984 அக்டோபரில் மண்டபத்தில் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: காசுக்கு விற்கக் கூடாது.

அந்த நிபந்தனையை ரசிகர்கள் வேதவாக்காகக் காப்பாற்றினார்கள். மாற்றிக்கொள்ள உன்னிடம் நாடா இல்லையென்றால் வெற்றுக் கேஸட்டுகளும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால் போதும். முகமறியாத ஒருவர் பிரதி எடுத்து அனுப்புவார். மூன்று மணி நேரக் கச்சேரியைப் பிரதி செய்ய மூன்று மணி நேரம் பிடிக்கும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். ஏழாவது எட்டாவது கையில் வருகிற நாடாவில் மழைக்குள்ளிருந்து யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். அதையும் கேட்டார்கள், உறையில் ஊரும் தேதியும் உருப்படிகளின் வரிசையும் எழுதி வைத்தார்கள். நம் சபாக்களிலும் மடியில் பெட்டியை வைத்துப் பதிவு செய்த மகானுபாவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ வித்துவான்களின் ஆலாபனை நமக்குப் பெயரளவிலேயே நின்றிருக்கும்.

நாடாக்களில் மிகவும் பெயர்போனது 1977 மே 8ந் தேதி கார்னெல் பல்கலைக் கழகத்துப் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. மே மாதத்தில் அன்று பனி பெய்தது. அதைப் பதிவு செய்தவர் கோஷ்டியோடு இருந்த பெட்டி கான்டர் ஜாக்ஸன் என்ற அம்மாள். அவர் எடுத்த நாடாச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போட்டுவிட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து அவை மெள்ள மெள்ள ரசிகர்கள் கைக்கு வந்து பரவின. கடனுக்காக மறித்து வைத்த பிணத்தை யாரோ காசு கொடுத்து மீட்ட அந்தப் பழங்கதை எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது. கார்னெல் நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2011ஆம் வருஷத்துத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. கோஷ்டியின் பெயரால் முறையாக வெளியானது 2017இல்தான். அதற்குள் அதைக் கேளாத ரசிகர் யார் இருந்திருப்பார்!

இந்த நாடாக்கள்தான் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம். கார்ஸியா யாருக்கும் பாடப் புத்தகம் எழுதி வைக்கவில்லை. ஒரே உருப்படியை 1972இல் எப்படி வாசித்தார், 1977இல் எப்படி வாசித்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டு, ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி, விரலில் ஏற்றவேண்டியதுதான். 1970களின் நடுவிலிருந்து அவர் ‘மியூ-ட்ரான்’ என்ற சிறு பெட்டியை உபயோகித்தார். கம்பியை மெதுவாகத் தொட்டால் நாதம் வாய் மூடிக்கொள்ளும், அழுத்தினால் திறக்கும். அந்தப் பெட்டியைத் தேடி வாங்கிய பிறகுதான் வாங்கினவர்களுக்குத் தெரிந்தது, விஷயம் பெட்டியில் இல்லை, தொடுகிற விரலின் பாரத்தில் இருக்கிறதென்று.

கார்ஸியாவே தம்முடைய பாணியை மறுபடி கற்கவேண்டி வந்தது. 1986 ஜூலையில் நீரிழிவு முற்றிப் பல நாள் நினைவிழந்து கிடந்தார். எழுந்தபோது கிதார் கைக்கு அந்நியமாகியிருந்தது. நண்பர் மெர்ல் ஸாண்டர்ஸ் பக்கத்தில் இருந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, குழந்தை எழுத்துக் கூட்டுவது போலக் கூட்டி, டிசம்பர் 15ந் தேதி ஆக்லண்டில் மேடை ஏறினார்.

அதற்குப் பிறகு வந்தது அன்பின் உபத்திரவம். 1987இல் வந்த ‘டச் ஆஃப் கிரே’ என்ற பாட்டு நாடெங்கும் பிரபலமாகி, கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. உடம்பு தேறாத மனிதர், ஹெராயின் பழக்கமும் உள்ளவர், ஊர் ஊராக இழுபட்டார். அவரை நம்பிப் பெரிய சிப்பந்திக் கூட்டமே பிழைத்துக்கொண்டிருந்தது. 1995 ஜூலை 2ந் தேதி இண்டியானாவில் டிக்கெட் இல்லாதவர்கள் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. ஜூலை 9ந் தேதி சிகாகோவில் கடைசிக் கச்சேரி. ஒரு மாதம் கழித்து ஆகஸ்டு 9ந் தேதி, சிகிச்சை விடுதியில் மாரடைப்பு. வயது 53.

அந்தக் கடைசி வருஷத்து நாடாக்களும் இருக்கின்றன. விரல் தடுமாறுகிறது, வார்த்தை மறக்கிறது. கேட்கச் சகிக்காது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் யாரும் அவற்றை அழித்துவிடவில்லை. பார்ட்டன் ஹாலுக்குப் பக்கத்திலேயே அவையும் தேதியோடு அடுக்கியிருக்கின்றன. இப்படி வைத்துக்கொள்வதைத்தான் உண்மையான ஞாபகம் என்று நான் நினைக்கிறேன்.

மனிதர் போனபின் சொத்துத் தகராறு வராமல் இருக்குமா? டக் இர்வின் என்ற தச்சர் செய்துகொடுத்த கிதார்களை அவருக்கே கொடுத்துவிடவேண்டுமென்று கார்ஸியா உயிலில் எழுதியிருந்தார். கிதார்கள் கோஷ்டியின் சொத்து என்று மற்றவர்கள் வாதாடினார்கள். 2001இல் ராஜியாகி இர்வினுக்கு இரண்டு கிடைத்தன. மறு வருஷம் ஏலத்தில் ‘டைகர்’ 9,57,500 டாலருக்கும் ‘வுல்ஃப்’ 7,89,500 டாலருக்கும் போயின. 2005 நவம்பரில் இன்னொரு சச்சரவு. இணையத்தில் ஒரு பொது ஆவணச்சாலையில் சேர்த்து வைத்திருந்த கச்சேரிகளை இனி யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கோஷ்டியின் தரப்பில் தடுத்தார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். கோஷ்டியைச் சேர்ந்த ஃபில் லெஷ்கூடத் தமக்கு அது சம்மதமில்லை என்றார். சில நாளில் ரசிகர்கள் பதிவு செய்தவற்றை மட்டும் திரும்ப விட்டுக் கொடுத்தார்கள். மேடைக் கருவியிலிருந்து நேராக எடுத்தவற்றை அங்கேயே கேட்கலாம், எடுத்துப்போக முடியாது என்று ஏற்பாடாயிற்று. சட்டப்படி பார்த்தால் உரிமை கோஷ்டியுடையதுதான். ஆனால் இருபது வருஷம் மைக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்த கைக்குப் பாத்தியதை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிகாகோவில் 1997இல் ஆரம்பமான ‘டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற கோஷ்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இவர்கள் பெரும்பாலான இரவுகளில் பழைய கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே உருப்படிகளை அதே வரிசையில் வாசிக்கிறார்கள். 1972ஆம் வருஷத்து இரவென்றால் ஒரே டிரம். 1977 என்றால் இரண்டு டிரம், ஒரு பெண் குரல். வாத்தியங்களும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்றவை. ஆனால் நாடாவில் இருப்பதை ஸ்வரம் ஸ்வரமாக ஒப்பிப்பதில்லை. வரிசைதான் பழையது, மனோதர்மம் அன்றன்றைக்கு. முதலில் கார்ஸியா ஸ்தானத்தில் வாசித்த ஜான் காட்லெஸிக் அந்தப் பாணியில் எவ்வளவு ஊறினார் என்றால், கார்ஸியாவின் சகாக்களான லெஷும் பாப் வேயரும் 2009இல் அவரையே கூப்பிட்டுத் தங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்ன ஊர், இன்ன தேதி என்று ஆரம்பத்தில் சொல்லமாட்டார்கள். கூட்டம் ஊகித்துக்கொண்டே இருக்கும். முதல் உருப்படியிலேயே வருஷத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டாவது பாதியில் ஊரையும் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எல்லாம் வாசித்து முடித்த பிறகுதான் மேடையிலிருந்து அறிவிக்கிறார்கள். அதற்குப் பிறகு, வாசித்தது போதாதென்று, அந்த இரவின் வரிசையில் இல்லாத உருப்படி ஒன்றையும் வாசித்து அனுப்புவதுண்டு.