துப்புச் சொற்கள்: உரை வகைப்பாட்டில் சொல் தேர்வின் வரலாறு

ஓர் உரை எந்தப் பொருளைச் சார்ந்தது என்பதைக் கணிப்பொறி தானே பிரித்தறியும் முறை உரை வகைப்பாடு எனப்படும். எச்சொற்களைக் கணக்கில் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்னும் கேள்வி அத்துறையின் தொடக்கத்திலிருந்தே உடன்வருகிறது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஈ. மாரோன் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், கணிப்பொறியியல் கட்டுரைச் சுருக்கங்கள் 405-ஐ எடுத்துக்கொண்டு, 260-ஐப் பயிற்சிக்கும் 145-ஐச் சோதனைக்கும் ஒதுக்கி, அவற்றை 32 பொருள் வகைகளுக்குள் அடக்க முற்பட்டார். எவ்வுரையிலும் வரும் இலக்கணச் சொற்களையும் மிக அரிதாக வந்தவற்றையும் முதலில் நீக்கிய அவர், எஞ்சியவற்றுள் எல்லா வகைகளிலும் சமமாகப் பரவியிருந்த சொற்களையும் விலக்கி, ஏதேனும் ஒரு வகையில் குவிந்து வந்த 90 சொற்களை மட்டுமே துப்புச் சொற்களாகக் கொண்டார். சோதனைக்குரிய சுருக்கங்களுள் துப்புச் சொற்கள் இரண்டேனும் இருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி சரியான வகையைச் சென்றடைந்தன; 32 வகைகளுக்கிடையே இது சிறிய வெற்றியன்று. ஆனால் சில சுருக்கங்களில் ஒரு துப்புச் சொல்கூட இல்லாமையால், அவற்றைப் பற்றி இம்முறையால் எதுவும் கூற இயலவில்லை.

மாரோன் முதலில் நீக்கிய இலக்கணச் சொற்களே வேறொரு கேள்விக்கு விடையளித்தன. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88-இல் புனைபெயரில் வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் 12, ஹாமில்டன் எழுதியனவா மேடிசன் எழுதியனவா என்பது நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. இருவரும் ஒரே பொருளை ஒரே நோக்கில் எழுதியமையால் பொருட்சொற்கள் இங்கே பயன்படா என்றுணர்ந்த மாஸ்டெல்லரும் வாலசும், 1964-இல் வெளியிட்ட நூலில், எழுதுவோர் கவனியாமலே கையாளும் சிறுசொற்களை எண்ணினர். ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை ‘அப்பான்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லைப் பயன்படுத்த, மேடிசனிடம் அது மிக அரிதாகவே காணப்பட்டது. இத்தகைய சான்றுகள் பல சேர்ந்து அவ்வழக்கை மேடிசன் பக்கம் சாய்த்தன.

பிற்காலத்தில் இத்தேர்வு அளவைகளின் பொறுப்பாயிற்று. ஒரு சொல்லின் வருகை உரையின் வகை குறித்த ஐயத்தை எவ்வளவு குறைக்கிறது என்று கணிக்கும் தகவல் ஆதாயம், சொல்லும் வகையும் தற்செயலாகச் சேர்ந்தனவா என்று சோதிக்கும் கை-வர்க்கம் முதலிய ஐந்து அளவைகளை யிமிங் யாங்கும் யான் பெடர்சனும் 1997-இல் ஒப்பிட்டனர். ராய்ட்டர்ஸ் செய்தித் தொகுப்பில் தகவல் ஆதாயத்தின்வழி 98 விழுக்காடு வரையிலான சொற்களை நீக்கியும் துல்லியம் குன்றவில்லை என்று அவர்கள் காட்டியது, நீக்கப்பட்டவை வெறும் சக்கை என்னும் எண்ணத்துக்கு இடமளித்தது. அடுத்த ஆண்டே தார்ஸ்டன் யோவாகிம்ஸ், அதே அளவையின்படி கடைநிலையில் நின்ற சொற்களை மட்டும் கொண்டு அச்செய்திகளை வகைப்படுத்திப் பார்த்தபோது, விளைவு குருட்டு ஊகத்தைவிடப் பெரிதும் மேம்பட்டிருந்தது.