பென்ஸ் என்னும் பெயர்

பெங்களூர்க் கண்டோன்மென்ட் பகுதியில் பிரேசர் டவுன் என்றொரு பேட்டை உண்டு. 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் நகரை உலுக்கிய பின்னர், நெருக்கமான பழைய தெருக்களில் வாழ்ந்தோரைக் காற்றோட்டமான மனைகளில் குடியமர்த்தும் பொருட்டு வகுக்கப்பட்ட புதுக் குடியிருப்புகளுள் அது ஒன்று. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அரசாங்க ஏட்டில் அது இன்று புலிகேசி நகர். ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கின்றது. பெயர்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் அத்தகைய பிடிவாதமான ஒரு பெயரைப் பற்றியே.

அப்பேட்டையின் மாஸ்க் ரோட்டில் நீண்ட கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றால், "பென்ஸ் கார்" என்று சிறுவர்கள் சுட்டிக் காட்டுவார்கள். செல்வத்தின் அடையாளம் அது. ஆனால் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் பென்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். அவர் நினைவுக்கு வருவது காரன்று; லாரி. உருண்ட முகப்பும், அதன் நடுவே மூன்று முனை நட்சத்திரமும் கொண்டு, அரிசி மூட்டையும் கரும்புக் கட்டும் சுமந்து மலைப்பாதை ஏறிய லாரி. ஒரே பெயர் கோடீசுவரனுக்கும் லாரி டிரைவருக்கும் எப்படிப் பொதுவாயிற்று? இதற்கு விடை காண நாம் முதலில் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும்.

மான்ஹைம் என்னும் நகரில் கார்ல் பென்ஸ் என்ற பொறியாளர், 1886 ஜனவரி 29-ஆம் நாள் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன் எண் 37435. மூன்றே சக்கரங்கள் கொண்ட அவ்வண்டியைப் பார்த்தால் நம் ஊர் ஆட்டோ ரிக்ஷாவின் முப்பாட்டன் என்று சொல்லத் தோன்றும். அதன் எஞ்சினுக்கோ ஒரு குதிரையின் வலுவும் இல்லை. அதே ஆண்டில் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட்டில், காட்லீப் டைம்லர் என்பவர் வில்ஹெல்ம் மேபாக்கின் துணையோடு நாற்சக்கரக் கோச்சு வண்டியொன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது.

பென்ஸின் வண்டியை வாங்க ஆளில்லை. அவரோ வண்டியை மேலும் மேலும் செப்பனிடுவதிலேயே காலம் கழித்தார். பொறுமை இழந்தவர் அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமலே, பதினைந்து வயதும் பதின்மூன்று வயதும் ஆன தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு அவ்வண்டியில் கிளம்பிவிட்டார். தாய்வீடு இருந்த ப்போர்ஸ்ஹைம் நகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பெட்ரோல் நிலையம் என்ற ஒன்று உலகில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை போக்கப் பயன்படும் லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். இறக்கத்தில் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்தன. வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் தோலை வைத்து அடிக்கச் செய்தார். ஏற்றத்தில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்து, ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டுமென்று கணவரிடம் கூறினாராம். வண்டிக்கு அந்தக் கியரும் வந்தது. பென்ஸ் வண்டியின் முதற் கீர்த்தி தொழிற்சாலையில் பிறக்கவில்லை, பழுதையும் மேட்டையும் சமாளித்த அந்தச் சாலையில் பிறந்தது என்பது நம் கருத்து. நம் லாரி டிரைவர்கள் பெர்த்தாவைக் கேள்விப்பட்டால் தம்மில் ஒருவர் என்றே கொள்வார்கள்.

மெர்சிடிஸ் என்ற பெயரின் கதை வேறு. அது பணத்தின் கதை. டைம்லரின் வண்டிகளைத் தென் பிரான்சின் நீஸ் நகரில் செல்வர்களுக்கு விற்று வந்தவர் எமில் ஜெலினெக். 1900-இல் அவர் ஒரே மூச்சில் 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்து, புது எஞ்சினுக்குத் தம் மகள் மெர்சிடிஸின் பெயரைச் சூட்டவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். மேபாக் வடிவமைத்த அக்கார் 1901-இல் நீஸ் பந்தயங்களில் வென்று புகழ் பெற்றது. டைம்லர் அதைக் காணவில்லை; முந்தின ஆண்டிலேயே காலமாகிவிட்டார். நட்சத்திரச் சின்னம் 1909-இல் பதிவாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பொருளாதாரம் சிதைந்த நிலையில், போட்டியிட்டு வந்த இரு கம்பெனிகளும் 1926-இல் ஒன்றாயின. பொறியாளரின் குடும்பப் பெயரும் விற்பனையாளர் மகளின் பெயரும் இணைந்து மெர்சிடிஸ் பென்ஸ் ஆயிற்று.

இனி டீசலுக்கு வருவோம். நம் நாட்டுக் கதைக்கு வாயில் அதுதான். ருடால்ப் டீசல் கண்ட எஞ்சின் எண்ணெயை மிச்சப்படுத்தியது, ஆனால் கனத்தது. எண்ணெயை எஞ்சினுக்குள் பீச்சக் காற்றழுத்தி ஒன்று கூடவே வேண்டியிருந்தமையால், அது கப்பலிலும் ஆலையிலும் நிற்கலாமேயன்றிச் சாலையில் ஓட முடியவில்லை. பென்ஸ் கம்பெனியில் இருந்த ப்ராஸ்பர் லோராஞ் என்பவர் முன்னறை ஒன்றை எஞ்சினில் அமைத்து அத்தேவையைக் குறைத்தார். 1923-இல் டீசல் லாரி சோதனை ஓட்டம் கண்டது. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் நிறுவிய தொழிற்சாலை, 1927-இல் டீசலைச் சரியான நேரத்தில், சரியான அளவில், மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தும் பம்புகளை மொத்தமாகச் செய்யத் தொடங்கியது. இதனை "எரிபொருள் உட்செலுத்து பம்பு" என்று எழுதுவது எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளரின் வழக்கம். பட்டறையில் அதைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். அங்கே அது "பம்பு". அதன் நுனியில் தூவுவது "நாசில்". மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் லாரி புகை கக்கும், வலுவிழக்கும். 1936-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 260 டி என்ற கார், தொடர்ச்சியாக உற்பத்தி செய்யப்பட்ட டீசல் கார்களில் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஹிட்லர் ஆட்சியில் இக்கம்பெனி போர்த் தளவாடங்களும் விமான எஞ்சின்களும் செய்து பெருத்தது. ஆட்பஞ்சம் வந்தபோது, படையெடுத்த நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டோர், போர்க் கைதிகள், சிறைமுகாம்வாசிகள் ஆகியோர் ஆலைகளில் வருத்தப்பட்டனர். 1944-இல் கம்பெனியில் வேலை செய்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகையோர். பெர்லினை அடுத்த கென்ஸ்ஹாகன் ஆலையில், ராவன்ஸ்புரூக் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விமான எஞ்சின் வேலையில் அடைக்கப்பட்டிருந்தனர். பெர்த்தாவின் பயணத்தை விழா எடுத்துக் கொண்டாடும் கம்பெனி, இப்பெண்களைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1986-இல் நூற்றாண்டு விழா வந்தபோதுதான் கேள்விகள் உரக்க எழுந்தன. 1988-இல் 2 கோடி மார்க் ஒதுக்கப்பட்டது. கட்டாய உழைப்பைப் பற்றிய விரிவான ஆய்வு நூல் 1994-இல் வெளியாயிற்று. போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றிருந்தது. பாதிப்புற்றோரில் பலர் அதற்குள் இறந்துபோயினர்.

போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகளில், இந்தக் கம்பெனியோடுதான் நம் நாட்டுத் தொழிலதிபர்கள் உடன்படிக்கை செய்தார்கள். அன்றைய சூழ்நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வெளிநாட்டு உறுப்புகளை இறக்குமதி செய்து இங்கே வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகள் இனி இருத்தலாகாது, உறுப்புகளை இங்கேயே செய்ய முன்வருவோர்க்கே இடம் என்று 1953-இல் இந்திய அரசு முடிவு செய்தது. அமெரிக்கக் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டின. ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்வதற்காக 1945-இல் தொடங்கப்பட்டிருந்த டெல்கோ என்னும் டாட்டா கம்பெனி, 1954-இல் டைம்லர் பென்ஸுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆறு மாதங்களுக்குள் முதல் லாரி வெளிவந்தது. அதற்கு டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் என்று பெயர். அவ்வளவு நீளமான பெயரை யார் சொல்வார்கள்? நம்மவர்கள் நடுவிலும் முன்னும் வெட்டிவிட்டு, பென்ஸ் லாரி என்றார்கள்.

பெங்களூரின் பங்கு இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1951-இல் பாஷ் கம்பெனியின் கூட்டுறவோடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மக்கள் வழக்கில் மைக்கோ, இந்நகரில் நிறுவப்பட்டது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் நாசிலும் ஆடுகோடி ஆலையில் உருவாயின. ஜெர்மானிய நுட்பத்தைக் கற்ற கன்னட, தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் பல்லாயிரவர். ஆலைக்கு வெளியே, ஜே. சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளிலும் அதை ஒட்டிய பட்டறைகளிலும் "மைக்கோ" என்ற எழுத்து தாங்கிய சிறு பெட்டி நம்பிக்கைப் பத்திரம் போல் மதிக்கப்பட்டது. அக்கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. பட்டறைக்காரர்களில் மூத்தவர்கள் இன்றும் மைக்கோ என்றே சொல்கிறார்கள்.

பென்ஸ் லாரிக்கு நற்பெயர் வந்த காரணம் என்ன? அக்காலத்தில் பெட்ரோல் லாரிகள் மிகுதி. டீசலோ மலிவு, அதே தொகைக்கு லாரி கூடுதல் தொலைவு ஓடும். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் நிலத்தை அடகு வைத்து ஒரே ஒரு லாரி வாங்கியவனுக்கு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. எஞ்சின் வலிமையானது; உரிமம் அனுமதித்ததற்கு மேல் பாரம் ஏற்றினாலும் பொறுத்துக்கொண்டது (அப்படி ஏற்றியது சரியென்று நாம் சொல்லவில்லை). எல்லாவற்றிலும் மேலாக, அது திறந்த புத்தகம். நடுவழியில் நின்றால் கிளீனர் பையனும் பம்பிலிருந்த காற்றை வெளியேற்றக் கற்றுக்கொண்டான். ஜெர்மனியில் செய்தது என்பதற்காக அன்று. இங்கே, நம் கையால், சாலையோரத்தில் சரி செய்யக்கூடியது என்பதற்காகவே பென்ஸ் என்ற பெயர் நம் நாட்டில் மதிப்புப் பெற்றது. விளம்பரத்தைப் படித்து லாரி வாங்குவோர் அரிது.

ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டு உறுப்புகள் கூடிவந்தன. 1969-இல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. லாரியின் முகப்பிலிருந்து நட்சத்திரம் இறங்கியது. அவ்விடத்தில் டாட்டாவின் முதலெழுத்து ஏறியது. உள்ளே எஞ்சினும் உருவமும் பெரிதும் பழையவையே. பிரேசர் டவுன் புலிகேசி நகரான பின்பும் பிரேசர் டவுனாகவே இருப்பது போல, அந்த லாரிகளைப் பலர் மேலும் பல ஆண்டுகள் பென்ஸ் என்றே அழைத்து வந்தார்கள்.

கார்க் கம்பெனியின் பிற்காலக் கீர்த்தியைச் சுருங்கச் சொல்லிவிடலாம். மோதலின் வேகத்தை உடம்பு நசுங்கித் தானே உண்டு பயணியைக் காக்கும் கார் அமைப்புக்கு வழி வகுத்தவர் அக்கம்பெனியின் பேலா பாரெனி. 1959-இல் அது விற்பனைக் காரில் வந்தது. அதற்கு நான்காண்டு முன்னர், 1955 ஜூன் 11-இல், பிரான்சின் லே மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்தில் சிதறி விழுந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டதும் உண்டு. அவ்வாண்டின் முடிவில் கம்பெனி பந்தயத்தை விட்டு விலகியது. அண்மைக் காலத்தில், எந்த டீசலால் பெயர் வந்ததோ அதே டீசலால் இழுக்கும் வந்தது. புகை அளவு பற்றிய விவகாரத்தில், மேற்பார்வைக் கடமையில் தவறியதற்காக 2019-இல் ஸ்டுட்கார்ட் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 87 கோடி யூரோ அபராதம் விதித்தது. பம்பையும் நாசிலையும் தன் கையால் அளவு வைத்துச் சரிபார்க்கும் பட்டறைக்காரனுக்கு இச்செய்தி எப்படிப்பட்டிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

மெர்சிடிஸ் பென்ஸ் கார் இந்தியாவில் உருவாகத் தொடங்கியது 1995-இல், புனாவில், டெல்கோவின் வளாகத்திலேயே. மறு ஆண்டு, 1996-இல், கம்பெனி தன் ஆராய்ச்சி நிலையத்தைப் பெங்களூரில் திறந்தது. முன்பு ஆடுகோடியில் பம்பைக் கடைந்த நகரம், இன்று கணிப்பொறியில் காரை வரைந்தும் சோதித்தும் ஜெர்மனிக்கு அனுப்புகிறது.

லாரியோ மறுபடியும் வந்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் டைம்லர் கம்பெனி கட்டிய லாரித் தொழிற்சாலை 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இம்முறை இந்தியக் கூட்டாளி யாரும் இல்லை. லாரிக்குப் பெயர் வைக்கும் வேளையில், செல்வர்களின் காருக்குரிய மெர்சிடிஸ் என்ற பகுதியை விட்டுவிட்டார்கள். சாலையோர மக்கள் முன்னமே வெட்டி வைத்திருந்த பகுதியை மட்டும் எடுத்து, முன்னால் நம் நாட்டின் பெயரைச் சேர்த்து, பாரத்பென்ஸ் என்று சூட்டினார்கள். அந்த லாரிகள் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போவதை இன்று நாம் காணலாம்.