முட்டி இடிக்கும் கால்: வளரும் பிள்ளைகளுக்கான அறுவைச் சிகிச்சை

நிற்கும்போது முழங்கால்கள் ஒட்டிக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும் நிலை. மருத்துவர்கள் இதை ஜெனு வால்கம் என்பர். மூன்று, நான்கு வயதில் பல குழந்தைகளிடம் காணப்படும். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே நேராகிவிடும். அதுவரை கத்திக்கு வேலையில்லை. பட்டைகளும் சிறப்புக் காலணிகளும் வீண்செலவே.

நேராகாமல் கூடிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் ஒன்று. குடிநீர்ப் புளோரைடு மற்றொன்று. நாகார்ஜுனசாகர் அணைப்பகுதியில் புளோரைடால் முட்டி இடிப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1973-இல் பதிவுசெய்தனர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரம் வட்டாரக் கிணற்றுநீரிலும் புளோரைடு மிகுதி. அங்கே கறைபட்ட பல்தான் முதல் அடையாளம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது புளோரைடின் மேல்வரம்பு.

எலும்பு வளரும் வயதில் மிச்சமிருக்கும் வளர்ச்சியே சிகிச்சைக் கருவி. முழங்காலின் உட்புறம், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகட்டைத் தாண்டி ஒரு சிறு உலோகத் தகடு இரண்டு திருகுகளால் பொருத்தப்படும். உட்புறம் கட்டுண்டு நிற்க, வெளிப்புறம் வளர்ந்து கால் நேராகும். எலும்பு அறுவை மருத்துவர் பிளவுண்ட் 1949-இல் இதற்குக் கம்பி ஊக்குகளைப் பயன்படுத்தினார். அதே துறை மருத்துவர் ஸ்டீவன்ஸ் 2007-இல் எட்டு வடிவத் தகட்டை அறிமுகம் செய்தார். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் கால் நேராகும். நேரானதும் தகட்டை எடுக்காவிட்டால் கால் எதிர்ப்புறம் வளையும். எடுத்தபின் பழைய கோணல் திரும்பவும் கூடும். ஆகவே வளர்ச்சி முடியும்வரை கண்காணிப்பு தேவை. ரிக்கெட்ஸை முதலில் குணமாக்காமல் தகடு வைப்பது பயன்தராது.

வளர்ச்சி முடிந்தவர்களுக்கு எலும்பை வெட்டி நேராக்குவதே வழி.